எந்த வயதில் எந்தக் கணக்கு?

(தேசியக் கணித நாளையொட்டிக் கும்பகோணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

டிசம்பர் 22 என்ன நாள் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1887இல் இதே நாளில் ஈரோட்டில் பிறந்து, இங்கே சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்து, டவுன் ஹைஸ்கூலில் படித்த ஒரு பிள்ளையின் பிறந்தநாளை நாடே கணித நாளாகக் கொண்டாடுகிறது. அவர் பெயரைச் சொல்லித்தான் இன்று வீட்டுக்கு வீடு ஒரு காரியம் நடக்கிறது. "ராமானுஜன் பதின்மூன்று வயதில் கல்லூரிக் கணக்குப் போட்டார், என் பிள்ளை ஏன் போடக் கூடாது?" என்கிறார்கள். போடலாமா? போட வைக்கலாமா? சின்ன வயதிலேயே பெரிய கணக்கு வேண்டுமா? இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஆறாம் வகுப்பிலேயே ஜே.இ.இ. ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்று தெருவுக்குத் தெரு பலகை தொங்குகிறது. அந்தப் பொறியியல் நுழைவுத் தேர்வோ பிளஸ் டூவை ஒட்டி வருவது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இன்னும் ஆறு ஆண்டு தள்ளி இருக்கிறது. பள்ளிவிட்டு நாலரை மணிக்கு வரும் பிள்ளை ஐந்தரைக்குக் கோச்சிங்கில் உட்கார்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அபாகஸ். கோடை விடுமுறையில் அடுத்த வருடத்துப் பாடம். ஜூன் மாதம் புதுப்புத்தகம் கைக்கு வரும்போது அதில் புதிதாக ஒன்றுமே இல்லை. புத்தகத்தைப் பிரித்ததும் வரும் அந்த ஆசையை நாமே அந்தப் பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டோம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசிக்கிற பிள்ளைக்கு வயது பார்க்காமல் போடுங்கள். பசிக்காத பிள்ளைக்குத் திணிக்காதீர்கள். பசிக்கிறது என்று சொல்ல வேண்டியது பிள்ளை. நாமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையன் ஆறாம் வகுப்பு. "சார், இவன் டிஃபரன்சியேஷன் வரைக்கும் வந்துட்டான் சார், ஏதாச்சும் கேட்டுப் பாருங்க" என்றார். நம் பாடத்திட்டத்தில் அது பிளஸ் ஒன் பாடம். எக்ஸ் க்யூப் என்றேன். மூன்று எக்ஸ் ஸ்கொயர் என்றான், நான் வாயை மூடுவதற்கு முன். சரி தம்பி, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். ஆறில் ஐந்து. அதையும் கண் இமைக்காமல் சொன்னான். பிறகு ஒன்று கேட்டேன்.

"உன் ஃபிரண்டு ஒருத்தன் மேல ரெண்டையும் கூட்டி, கீழ ரெண்டையும் கூட்டி, அஞ்சுல ரெண்டுன்னு எழுதியிருக்கான். அது ஏன் தப்பு?"

"எல்.சி.எம். எடுக்கணும் சார்."

"ஏன் எடுக்கணும்?"

பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா என்னைப் பார்த்தார். யாரும் பேசவில்லை. அப்புறம் நான், "சரி, அந்த அஞ்சுல ரெண்டு இருக்கே, அது பாதியவிடப் பெருசா, சின்னதா?" என்றேன். விரலால் மேசைமேல் ஏதோ கோடு போட்டுப் பார்த்தான். "சின்னது" என்றான். சொன்னவன் அப்படியே நின்றான். பிறகு குரல் உயர்ந்தது: "சார், பாதியோட இன்னொண்ணு சேத்தா, பாதிக்குக் கீழ எப்படி சார் போகும்?"

அவையோரே, அந்தப் பிள்ளை அன்று கணிதம் செய்தது அந்த ஒரு கணத்தில்தான். எக்ஸ் க்யூபுக்கு மூன்று எக்ஸ் ஸ்கொயர் என்று சொன்னபோது அவன் கணிதம் செய்யவில்லை, ஒப்பித்தான். அவன் மந்தமான பிள்ளை இல்லை, நல்ல கூர்மையான பிள்ளை. இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அடுத்த பாடம், அடுத்த பாடம் என்று ஓடியதில் கேட்பதற்கு நேரமில்லை.

"அப்படியானால் ராமானுஜன்?" என்பீர்கள். வாருங்கள், அவர் ஊரிலேயே நின்று அவர் கதையைப் பார்ப்போம். அவரை யார் முன்னே தள்ளினார்கள்? அப்பா துணிக்கடைக் கணக்கர். டியூஷன் கிடையாது, கோச்சிங் கிடையாது. வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்களிடம் கேட்டுக் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார். லோனி எழுதிய திரிகோணமிதிப் புத்தகத்தை இரவல் வாங்கி, பதின்மூன்று வயதுவாக்கில் தாமாகவே முடித்தார். 1903இல் கார் என்பவர் தொகுத்த புத்தகம் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல். வேறு யாராவது என்றால் மூடி வைத்திருப்பார்கள். இவருக்கு அதுதான் பிடித்தது. நிரூபணம் இல்லாத இடத்தில் தாமே நிரூபிக்கலாம் அல்லவா? பசி என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்தப் பசிக்கு நாம் என்ன செய்தோம்? அதையும் சொல்ல வேண்டாமா? 1904இல் இதே ஊர் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார். அங்கும் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா. எல்லாப் பாடத்திலும் ஒரே அளவு மேலே வந்தால்தான் அடுத்த படி என்று ஏற்பாடு சொன்னது. அவரோ ஒரே பாடத்தில் உலகத்துக்கே முன்னால் இருந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி, பட்டமே இல்லாதவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. நம் ஊர்க் கல்வி வரலாற்றில் நான் பெருமைப்படும் முடிவுகளில் அது ஒன்று. ஆனால் 1904க்கும் 1913க்கும் நடுவே போன ஒன்பது ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஆகவே ராமானுஜனின் வாழ்க்கை ஃபவுண்டேஷன் கோர்ஸுக்கான விளம்பரம் ஆகாது. ஓடத் துடிக்கிற பிள்ளையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் அது சாட்சி. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஆசிரியர்களில் ஒரு சாரார், "வயசுக்கு மீறின கணக்கு எதுக்கு? எல்லாரோடயும் உக்காரட்டும்" என்று சொல்கிறார்கள். அது நியாயம் போலத் தெரியும் அநியாயம். மூன்றாம் வகுப்பிலேயே பின்னத்தை விளையாட்டாகப் போடுகிற பிள்ளையை, வகுப்பில் பின்னம் சொல்லித் தரும்வரை கை கட்டி உட்கார வைப்பது தண்டனை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியல் பேராசிரியர் 1971இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கணக்கில் மிகமிக முன்னே நிற்கும் பிள்ளைகளைக் கண்டெடுத்து, பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உண்மையிலேயே அந்த ஆற்றல் உள்ள பிள்ளைகளை முன்னே போகவிட்டதால் கெடுதல் வரவில்லை, நன்மைதான் வந்தது என்பது அதில் தெரிந்தது.

இப்போது இரண்டு தந்தையரைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாமார்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

முதல் தந்தை லியோ வீனர். ஹார்வர்டில் மொழிப் பேராசிரியர். அவர் மகன் நார்பர்ட் வீனர் 1894இல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்லூரி, பதினான்கில் பட்டம், பதினெட்டில் ஹார்வர்டின் முனைவர் பட்டம். பிற்காலத்தில் 'சைபர்நெட்டிக்ஸ்' என்ற துறையையே நிறுவிய மேதை. இதைவிட வெற்றி உண்டா? ஆனால் அந்த மகனே பின்னாளில் தம் இளமையைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பா வீட்டில் இயற்கணிதம் சொல்லித் தருவார். ஆரம்பம் இதமாக இருக்கும். முதல் தவறு வந்ததும் குரல் மாறும். அடுத்த தவறுக்கு வசவு. பாடம் முடியும்போது பிள்ளை அழுதுகொண்டிருப்பான். அதைவிடப் பெரிய காயம் ஒன்று உண்டு. என் பிள்ளைகளுக்குத் தனித்திறமை ஒன்றும் இல்லை, எல்லாம் நான் கொடுத்த பயிற்சி என்று அந்தத் தந்தை பத்திரிகைக்குச் சொன்னார். அது மகன் கண்ணில் பட்டது. வெற்றி பெற்றால் அது அப்பாவுடையது, தோற்றால் தன்னுடையது என்று அந்தப் பிள்ளை புரிந்துகொண்டான். பல ஆண்டுகள் அந்தப் பாரத்தோடு வாழ்ந்தார் நார்பர்ட் வீனர்.

இரண்டாவது தந்தை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஒரு குழந்தை மருத்துவர். தாயார் கணக்கும் இயற்பியலும் படித்தவர். அவர்கள் மகன்தான் டெரன்ஸ் தாவ். 1975இல் பிறந்தவர், 2006இல் கணிதத்தின் உயரிய பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர். மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஒத்துவரவில்லை. சில வாரங்களில் வெளியே அழைத்து வந்துவிட்டார்கள். தோல்வி என்று வருந்தவில்லை, காத்திருந்தார்கள். பிறகு என்ன செய்தார்கள்? கணக்குக்கு ஒரு வகுப்பு, மற்றப் பாடங்களுக்கு வேறு வகுப்பு. எட்டு வயதில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு, அதே வயதில் மற்றப் பாடங்களில் சிலவற்றுக்குச் சின்ன வகுப்பு. ஒன்பது வயதில் பல்கலைக்கழகத்தில் கணக்கு வகுப்புகளுக்குப் போய்வரத் தொடங்கினார். ஆனாலும் முழுநேர மாணவராகச் சேர்க்கப் பதினான்கு வயதுவரை பொறுத்தார்கள். நம்மில் யார் பொறுப்போம்? பத்து வயதிலேயே பட்டம் வாங்கிக் கொடுத்து, செய்தித்தாளில் படம் போட்டிருக்க மாட்டோமா?

இரண்டு பிள்ளைகளும் மேதைகள். இரண்டு பேரும் முன்னதாகவே படித்தவர்கள். ஒரு வீட்டில் வேகத்தை அப்பா நிர்ணயித்தார். இன்னொரு வீட்டில் பிள்ளை நிர்ணயித்தான்.

சரி, மேதைகளை விடுவோம். நம் வீட்டுச் சராசரிப் பிள்ளைக்கு வருவோம். கெட்டிக்காரப் பிள்ளை முன்னதாகப் படித்து முன்னுக்கு வருகிறது, ஆகவே எல்லாரையும் முன்னதாகப் படிக்க வைத்தால் எல்லாரும் முன்னுக்கு வருவார்கள் என்று நினைப்பது இயல்பு. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் சார்லட்-மெக்லன்பர்க் பள்ளி மாவட்டத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 2000களின் தொடக்கத்தில், வழக்கமாகப் பின்னால் படிக்கும் இயற்கணிதத்தை மிகப் பல பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலேயே கொண்டுவந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். நடந்தது என்ன? அப்படி முன்னே தள்ளப்பட்ட பிள்ளைகள் இயற்கணிதத் தேர்வில் குறைவாக வாங்கினார்கள். அடுத்து வரும் வடிவியலில் தேறும் வாய்ப்பும் குறைந்தது. முன்னதாகப் படித்ததால் கெட்டிக்காரர்கள் ஆகவில்லை, கெட்டிக்காரர்களாக இருந்ததால் முன்னதாகப் படிக்க முடிந்தது. காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டதற்குப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் அதே நாட்டில் நடந்திருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் என்றொரு நகரம். 1929இல் அங்கே பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த லூயி பெனசெட், சில பள்ளிகளில் முறையான எண்கணிதத்தை ஆறாம் வகுப்புவரை தள்ளிவைத்தார். அதற்குப் பதிலாகப் பேச வைத்தார், படிக்க வைத்தார். கடிகாரம் பார்ப்பது, நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுவது, பார்த்ததைச் சொந்தச் சொற்களில் விவரிப்பது என்று போயிற்று. ஆறாம் வகுப்பில் கணக்கைத் தொடங்கியபோது, அந்த ஓராண்டுக்குள்ளேயே மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டார்கள். இதை நான் நம் பள்ளிகளுக்குப் பரிந்துரைக்க வரவில்லை. 2022இன் 'அசர்' கல்வி நிலை ஆய்வுப்படி இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்குத்தான் எளிய வகுத்தல் வருகிறது. இந்த நிலையில் கணக்கைத் தள்ளிவைக்கச் சொல்வது கொடுமை. ஆனால் ஓராண்டு முந்தினால் வாழ்க்கையே முந்திவிடும், பிந்தினால் எல்லாம் போயிற்று என்று பதறுகிறோமே, அந்தப் பதற்றத்துக்கு அடிப்படை இல்லை என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முந்துவதைவிட ஆழமாகப் போவதுதான் முக்கியம் என்கிறேன். ஆழம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். குழந்தைகளே, நீங்கள் கொஞ்சம் உதவ வேண்டும். இதோ ஒரு பை நிறையப் புளியங்கொட்டை கொண்டு வந்திருக்கிறேன். மேசைமேல் ஒரு கொட்டை வைக்கிறேன். ஒன்று. அதன் வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மூலையில் ஒன்று. மூன்று சேர்த்தேன். இப்போது எத்தனை? நான்கு. என்ன வடிவம்? சதுரம். இன்னும் ஒரு வரிசை சுற்றி வைக்கிறேன், ஐந்து வேண்டியிருக்கிறது. ஒன்பது. மறுபடியும் சதுரம். அடுத்து ஏழு. பதினாறு. ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் சதுரம் சதுரமாக வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது போதும், ஒரு மாலை முழுவதும் விளையாடும்.

அந்தப் பிள்ளை அத்தோடு விடாமல், "ஏன் எப்பவும் ஒத்தப்படைதான் வேணும்?" என்று கேட்டால்? அங்கேதான் பசி தெரிகிறது. கொட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துக்குப் பத்து சதுரத்தைப் பதினொன்றுக்குப் பதினொன்று ஆக்க, ஒரு பக்கம் பத்து, இன்னொரு பக்கம் பத்து, மூலைக்கு ஒன்று. இருபத்தொன்று. நூறுக்கு நூறாக இருந்தால்? இரண்டு நூறு, மூலைக்கு ஒன்று. எவ்வளவு பெரிய சதுரமானாலும் இரண்டு பக்கம், ஒரு மூலை. சதுரம் வளரும்போது கூடுவது அதன் பக்கத்தைப் போல இரு மடங்கு, அதோடு ஒரு சின்ன மூலை. வளர்ச்சியைச் சின்னதாக்கச் சின்னதாக்க, அந்த மூலை கணக்கிலேயே வராமல் போகும். மிஞ்சுவது இரு மடங்கு பக்கம். பெரியவர்களே, எக்ஸ் ஸ்கொயரை வகையிட்டால் இரண்டு எக்ஸ் என்று பிளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்தோமே, அந்த இரண்டு எக்ஸ் இதுதான். இந்தப் புளியங்கொட்டையில் இருக்கிறது. என்னிடம் வந்த அந்த ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சூத்திரம் தெரியும், அந்த 'இரண்டு' எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கொட்டையை வைத்து விளையாடிய பிள்ளைக்குச் சூத்திரம் தெரியாது, ஆனால் அந்த 'இரண்டு' எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பிளஸ் ஒன்னில் எந்தப் பிள்ளை நிலைத்து நிற்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு உலகத்திலேயே கடினமான கணிதப் போட்டி எது? 1959இல் ருமேனியாவில் தொடங்கிய பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட். அதன் கணக்குகளைப் போட நுண்கணிதம் தேவையே இல்லை. எண்கள், வடிவியல், இயற்கணிதம், எண்ணிக்கை முறைகள், எல்லாம் பள்ளிப் பொருள்தான். ஆனால் ஒரே கணக்கோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். டெரன்ஸ் தாவ் அதில் 1986இல் வெண்கலம், 1987இல் வெள்ளி, 1988இல் பதின்மூன்று வயதில் தங்கம் வாங்கினார். எவ்வளவு முன்னே போன பிள்ளையாக இருந்தாலும் ஆழத்துக்கு அவன் திரும்பி வந்தாக வேண்டும்.

ஆழமாகப் போகும் இந்த வழி நமக்கு அந்நியமில்லை. சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன், காகிதத்தை மடித்தும் புள்ளிகளை அடுக்கியும் சாதாரணப் பிள்ளைகளைக் கணிதம் கண்டுபிடிக்க வைத்தார். ராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகமே அமைத்தார். 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் கழகம் இன்றும் சென்னையிலிருந்து பிள்ளைகளுக்குத் திறனறிப் போட்டிகள் நடத்துகிறது. கோச்சிங்குக்குக் கட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், இந்த வழியில் ஒரு பிள்ளைக்கு வேண்டிய புத்தகம் அத்தனையும் வாங்கலாம்.

பெற்றோர் என்னிடம் கேட்பது, "பசியா, திணிப்பான்னு எப்படி சார் தெரியும்?" ஒரு வாரம் அந்த வகுப்பை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் பிள்ளை தெருவுக்கு ஓடினால், ஓடட்டும். அதற்கு வேண்டியது விளையாட்டு. நிறுத்திய பிறகும் பழைய காலண்டர் பின்பக்கத்தில் எண்களைக் கிறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சாப்பிடக் கூப்பிட்டும் வராவிட்டால், உங்கள் வீட்டில் வேறு ஒரு பிள்ளை வளர்கிறது. அந்தப் பிள்ளையைத் தயவுசெய்து தடுக்காதீர்கள். பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். "போதும்டி, எழுந்து வேலையைப் பாரு" என்று முதலில் கேட்பது அவள்தான்.

கடைசியாக, இந்த அவையில் உள்ள தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் வந்தால், டபுள் புரமோஷன் கொடுத்து முழுசாகத் தூக்கி எட்டாம் வகுப்பில் போட்டுவிடாதீர்கள். தமிழும் சமூக அறிவியலும் மதியச் சாப்பாடும் விளையாட்டு வேளையும் தன் வயதுப் பிள்ளைகளோடு இருக்கட்டும். கணக்கு வேளைக்கு மட்டும் எட்டாம் வகுப்பில் போய் உட்காரட்டும். பல நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் ஒரே கணக்காசிரியர்தான், எனக்குத் தெரியும். அதனால் இது எளிதாகவும் ஆகிறது. பிள்ளையை அறிந்த ஆசிரியரே அங்கேயும் இருப்பார். எட்டாம் வகுப்பில் உட்காரும் நேரத்தில் விட்டுப்போகும் பாடத்தை, தன் வகுப்பில் கணக்கு நடக்கும் வேளையில் அந்தப் பிள்ளை படித்துக்கொள்ளலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பல்கலைக்கழகம் நம் ஊர்ப் பிள்ளைக்காக விதியைத் தளர்த்தியது. நீங்கள் தளர்த்த வேண்டியது ஒரு கால அட்டவணையை மட்டும்தான். வரும் ஜூனில் அட்டவணை போட உட்காரும்போது, உங்கள் பள்ளியில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று கணக்காசிரியரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.